தமிழை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார்



காலையில் கண் விழித்தது முதல் இரவு கண் அயரும் வரை நாம் எத்தனையோ அச்செழுத்துக்களைக் காண்கிறோம். பாடநூல், செபப்புத்தகம், நாட்காட்டி, பேருந்துச் சீட்டு, ஏன், கடலை மடித்துத் தரும் காகிதம் வரை எல்லாமே அச்சு மயம்! ஆனால் தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறியது எங்கே, எப்போது, யாருடைய உழைப்பால் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அந்த உழைப்பாளியின் வாழ்க்கையைத்தான் இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

முதற்பக்கத்தில் ஒரு படம்

1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள். மலையாளக் கரையிலுள்ள கொல்லம் நகரில், சேசு சபையார் நடத்திய மீட்பர் கல்லூரியில் ஒரு சிறு நூல் அச்சாகி வெளிவந்தது. அதன் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய அந்நூலில் மொத்தம் 16 பக்கங்களே உண்டு. சிறியதுதான், ஆனால் அதன் பெருமை பெரிது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் இந்திய மண்ணில் அச்சான மொழி நம் தமிழே என்பதற்கு அந்நூலே சான்று.

அந்நூலின் முதற்பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படுவது ஒரு படம். விண்ணகத்தில் ஆராதிக்கப்படும் பரிசுத்த தமதிரித்துவத்தைக் காட்டும் மரச்செதுக்குப் படம் அது. அதனுடன் நூலின் பெயர் போர்த்துக்கீசிய மொழியிலும் தமிழிலும் காணப்படுகிறது. அண்டிரிக்கிப் பாதிரியார் என்று ஆசிரியரின் பெயரும் தமிழில் அச்சாகியுள்ளது. போர்த்துக்கல் நாட்டு என்றிக் என்றிக்கஸ் என்பவரையே நம் முன்னோர் அவ்வாறு அன்புடன் அழைத்தனர்.

மரச்செதுக்குப் படம் என்பது யாது?

ஓவிய வகுப்பில் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் பூவோ இலையோ செதுக்கி, சாயத்தில் தோய்த்துத் தாளில் பதித்திருப்போம். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக இருக்கும். எடுக்காமல் விட்ட இடம் சாயத்துடன் பதியும். மரச்செதுக்குப் படத்தின் இரகசியமும் இதுவே. வழவழப்பான பலகையில் படத்தை வரைவார்கள். கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடங்களை உளியாலும் கத்தியாலும் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறிப் பதியுமாதலால், செதுக்குபவர் அதையும் மனத்திற்கொண்டே வேலை செய்ய வேண்டும். கை ஒரு முறை தவறினால் மரத்தில் ஒரு கோடு போய்விடும், போனது போனதுதான்.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில் இக்கலை உச்சநிலையை அடைந்தது. செர்மனி நாட்டின் நூரன்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், திருவெளிப்பாடு நூலின் காட்சிகளை 15 மரச்செதுக்குப் படங்களாக ஆக்கி 1498இல் வெளியிட்டார். கோவிலுக்குச் சென்றால் மட்டுமே காணக்கூடிய திருக்காட்சிகள் மரச்செதுக்குப் படங்களின் வழியே எளியவர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தன.

மரச்செதுக்குப் படத்திற்கு மற்றொரு வசதியும் உண்டு. செப்புத் தகட்டில் கீறிய படத்தை அச்சிடத் தனிப் பொறி வேண்டும். மரப்பலகையோ அச்செழுத்தைப் போலவே மேடானது. ஆதலால் எழுத்துக்களையும் மரப்பலகையையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டுவிடலாம். தம்பிரான் வணக்கத்தின் முதற்பக்கத்தில் படமும் தமிழும் ஒன்றாகக் காட்சி தருவதற்கு இம்முறையே துணை செய்தது.

ஆனால் தோழியரே, படம் எந்த நாட்டார்க்கும் படமே. அதற்கு மொழி இல்லை. அதன் அருகில் நிற்கும் தமிழ் எழுத்து அப்படிப்பட்டதன்று. அந்த எழுத்து அங்கே வந்து நிற்க ஒரு மனிதர் 31 ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பிறப்பும் அழைப்பும்

அண்டிரிக் அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூத குலத்தைச் சேர்ந்தவர்கள். பின்னர் கிறிஸ்தவர்களானவர்கள். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்தாரைப் புதுக் கிறிஸ்தவர்கள் என்று கூறிச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அந்நாட்டு வழக்கமாக இருந்தது. இளமையில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்த அவர், பிறப்பின் காரணமாகவே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. எவ்வளவு வேதனை! தாம் செய்யாத ஒன்றிற்காகத் தண்டனை பெறுவதைவிட மனத்தை வாட்டுவது வேறு உண்டோ?

ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். புனித இஞ்ஞாசியார் தொடங்கியிருந்த சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1545இல் அச்சபையில் சேர்ந்து, மறு ஆண்டே கப்பலேறிக் கோவாவை அடைந்தார். ஒரு கதவு அடைபட்டதால் உலகின் மறுகோடியில் நம் தமிழகத்துக் கதவு அவருக்குத் திறந்தது.

முத்துக்குளித்துறையில்

1547இல் அடிகளார் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் முதலிய கடற்கரை ஊர்கள் அடங்கிய பகுதி அது. நம் விளாங்குடியிலிருந்து தெற்கே சென்று, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தை அடைந்தால் அதுவே புன்னைக்காயல். அங்குள்ள பரதவ மக்கள் கல்லைத் துணையாகக் கொண்டு கடலின் அடியில் மூழ்கி, மூச்சை அடக்கி, முத்துச் சிப்பி அள்ளி வந்தவர்கள். அவர்கள் 1535ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் திருமறையில் சேர்ந்தார்கள். 1542இல் புனித சவேரியார் அங்கு வந்து, தெருவெங்கும் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். தமிழ் அறியாத அவர், உள்ளூர்க்காரர்களின் துணையால் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து கற்பித்தார்.

அடிகளார் வந்தபோது அவருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். ஒருவர் பேச்சை மற்றொருவர் மாற்றிச் சொல்லும்போது பொருள் எங்கோ போய்விடுகிறது என்பதை விரைவிலேயே உணர்ந்தார். தாமே தமிழ் கற்பது என்று உறுதி பூண்டார். இலத்தீன் இலக்கணம் கற்றவராதலால், தமிழ் வினைச்சொற்களையும் வேற்றுமைகளையும் அதே முறையில் வகைப்படுத்தி எழுதி எழுதிப் படித்தார். சில திங்களில் மொழிபெயர்ப்பாளர் இன்றியே மக்களோடு பேசத் தொடங்கினார். மக்கள் ஓதி வந்த பழைய மொழிபெயர்ப்புச் செபங்களில் பிழைகள் இருப்பதைக் கண்டு திருத்தவும் செய்தார்.

தாம் கற்றதை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் வரும் குருக்கள் தம்மைப்போல் திண்டாடக் கூடாது என்று 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்டு இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் இலக்கணங்களுள் அதுவே முதலாவது. லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் படியாக உறங்கிக் கிடந்த அது 1982இல்தான் நூலாக வெளிவந்தது.

இன்னொரு செய்தியும் சுவையானது. அக்கடற்கரையில் பணியாற்றிய குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் அதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று அவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். தமிழ் பேசினால் அபராதம் கட்டும் மாணவியர் சில ஊர்களில் உண்டு. தமிழ் பேசாததற்குத் தண்டனை பெற்ற வெள்ளைக்காரப் பாதிரிமாரும் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்!

துன்பங்களும் தொண்டுகளும்

1549இல் அக்கடற்கரையின் தலைமைக் குருவாக இருந்த அந்தோனியார் கிரிமினாலி அடிகளார் வேதாளையில் கொல்லப்பட்டார். இந்தியாவில் இரத்தம் சிந்திய முதல் சேசு சபைக் குரு அவரே. அவருக்குப் பின் தலைமைப் பொறுப்பு அண்டிரிக் அடிகளாரின் தோளில் ஏறியது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு மேல் அச்சுமையை அவர் சுமந்தார். 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டுத் துன்புற்றார். உடல்நலமும் அவருக்கு அடிக்கடி குன்றியது. ஆயினும் கடற்கரையை விட்டு அவர் நீங்கவில்லை.

புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். அதன் செலவுக்கு அரண்மனைப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. அக்கரையோர மக்கள் தந்த நன்கொடைகளே அதை நடத்தின. புதிதாக வரும் குருக்களுக்குத் தமிழ் கற்பிக்கவும் அவ்வூரிலேயே ஏற்பாடு செய்தார்.

எழுத்து வார்த்த கதை

இவ்வளவும் செய்த பின்னும் அடிகளாரின் மனத்தில் ஒரு குறை இருந்தது. அவர் ஒருவர், ஊர்களோ பல. அவர் வந்து கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டால், மக்கள் கையில் எஞ்சுவது என்ன? ஓலைச்சுவடி ஒன்றை எழுதி முடிக்கப் பல நாள் ஆகும். எழுதுவோர் கைக்குக் கை பிழையும் பெருகும். அச்சு நூல் இருந்தால் ஒரே வாசகம் எல்லா ஊர்களுக்கும் பிழையின்றிப் போய்ச் சேருமே!

1554இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் அச்சாகியிருந்தன. ஆனால் அவை ரோமன் எழுத்தில் அச்சானவை. 1556இல் அச்சுப்பொறி கோவாவுக்கு வந்து சேர்ந்தது. பொறி வந்துவிட்டது; தமிழ் எழுத்து வேண்டுமே? ஐரோப்பிய மொழிக்குச் சில பத்து எழுத்துக்கள் இருந்தால் போதும். நமக்கோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துக்கள். கால், கொம்பு போன்ற குறிகளைத் தனியாக வார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், கு, சு, மு, கூ, சூ, மூ என்று ஒவ்வொன்றும் தனி வடிவம் எடுக்கும். ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாகப் பார்க்கும் கண்ணாடி வடிவில் நுணுக்கமாக ஆக்கி, உலோகத்தில் வார்த்து எடுக்க வேண்டும். படத்திற்கு ஒரு பலகை. எழுத்திற்கோ நூற்றுக்கு மேற்பட்ட அச்சுக்கள்!

1575இல் கோவாவை அடுத்த சோராவ் தீவில் கூடிய சேசு சபையார், தமிழில் நூல்கள் வெளியிட வேண்டும் என்று முடிவு செய்தனர். அடிகளாருக்கு நிருவாகப் பொறுப்பிலிருந்து விடுதலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 55. ஓய்வு தேடும் வயதில் அவர் எழுதுகோல் எடுத்தார். மனுவேல் தெ சான் பேத்ரோ என்னும் குருவானவர் அவருக்குத் துணை நின்றார்.

பொருள் வேண்டாமா? அதையும் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே தந்தார்கள். 400 குருசாது நாணயங்கள் அவர்கள் கொடுத்ததாக வரலாறு கூறுகிறது. கடலடியில் மூச்சடக்கித் தேடிய பொருளைக் கொண்டு அவர்கள் தங்கள் மொழிக்கு எழுத்து வாங்கினார்கள். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தாம் படிக்க இயலாவிட்டாலும் தம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்த கைகள் அவற்றுள் எத்தனையோ! ஆதலால் தமிழ் அச்சின் பெருமையில் அடிகளாருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த எளிய மக்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1577இல் கோவாவில் யுவான் கொன்சால்வஸ் என்னும் சேசு சபைச் சகோதரர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். அவை முழு நிறைவு தரவில்லை. மறு ஆண்டு கொல்லத்தில் யுவான் தெ பாரியா என்பவர் புதிதாக வேறு எழுத்துக்களை வார்த்தார். தம்பிரான் வணக்கம் இப்புதிய எழுத்துக்களில் அச்சாயிற்று. வியப்பு என்னவென்றால், அந்நூலின் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577இல் செய்த எழுத்துக்களையும் கொல்லத்தில் 1578இல் செய்த எழுத்துக்களையும் சேர்த்தே அச்சிட்டு வைத்தனர். முதல் முயற்சியை மறைத்துவிட அவர்கள் நினைக்கவில்லை. இரண்டையும் வருங்காலத்தார் கண்ணுக்கு விட்டுச் சென்றனர்.

அந்நூலில் மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் அக்காலத்தார் புள்ளியிடாமல் எழுதினர். அச்சும் அவ்வழக்கையே பின்பற்றியது. நூலின் பெயரைச் சற்று நோக்குங்கள். ஆண்டவரைக் குறிக்கத் தமிழ் மக்கள் வாயில் பழகிய தம்பிரான் என்னும் சொல்லையே அடிகளார் எடுத்துக்கொண்டார். சைவ மடத்துத் துறவியரையும் நம் நாட்டார் இன்றும் அச்சொல்லால் அழைப்பர். அயல்நாட்டவரான அவர், மக்கள் பேசும் சொல்லைத் தேடி எடுத்துத் தம் நூலின் நெற்றியில் சூட்டினார்.

பின்வந்த நூல்கள்

1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அவருடைய 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இது நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஞானோபதேச நூல். 1580இல் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூல் வந்தது. 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் வரிசைப்படி கூறும் 'அடியார் வரலாறு' அச்சாயிற்று. அது 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். அப்போது அடிகளாருக்கு வயது 66! அந்நூலைத் தமிழ் உரைநடையின் தொடக்க கால எடுத்துக்காட்டாக அறிஞர்கள் போற்றுகின்றனர்.

காலம் இந்நூல்களை மறைத்துவிட்டது. கடலோரக் காற்றிலும் கறையானுக்கும் பிரதிகள் அழிந்தன. தம்பிரான் வணக்கத்தின் ஒரே ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அடியார் வரலாற்றின் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. தமிழ்த் தூது தனிநாயகம் அடிகளார் 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இப்பழைய அச்சு நூல்களைப் பற்றித் தமிழுலகம் அறியச் செய்தார். சேசு சபை இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாகத் தம்பிரான் வணக்கம் 1963இலும் அடியார் வரலாறு 1967இலும் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகத்தால் வெளியிடப்பட்டன. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகக் கடல் கடந்து கிடந்த தமிழ் மீண்டும் முத்துக்குளித்துறைக்கே வந்து சேர்ந்தது.

விண்ணகப் பயணம்

1600ஆம் ஆண்டில், ஏறத்தாழ 80 வயதில், அண்டிரிக் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். 53 ஆண்டுகள் தமிழ்க் கடற்கரையில் வாழ்ந்த அவர், பிறந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. அவருடைய உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று இன்று உலகம் அவரைப் போற்றுகிறது.

நாம் கற்கும் பாடம்

அம்முதற்பக்கத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். படம் இருக்கிறது, பக்கத்தில் எழுத்தும் இருக்கிறது. எழுத்தறியாத மக்களுக்குப் படம் ஒன்றே போதும் என்று அடிகளார் நினைத்திருந்தால், ஐந்தாறு மரப்பலகைகளோடு வேலையை முடித்திருக்கலாம். அது எளிது, செலவும் குறைவு. படத்தைப் பார்ப்பவர் வணங்கிவிட்டுப் போய்விடுவார். எழுத்தைப் படிப்பவரோ சிந்திப்பார், கேள்வி கேட்பார், தாமே மறுமுறை படித்துத் தெளிவார். இந்த மக்களால் படிக்க முடியும் என்று அடிகளார் நம்பினார். பிறப்பைக் காட்டித் தம்மைத் தள்ளியவர்களை அறிந்தவர் அவர். ஆதலால்தானோ என்னவோ, பிறப்பைக் காட்டி எவரையும் படிப்புக்கு ஆகாதவர் என்று அவர் தள்ளவில்லை.

தோழியரே! நம் பாட்டிமார் காலத்தில் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இன்றும் பத்தாம் வகுப்போடு போதும் என்று சொல்லும் வீடுகள் நம் ஊர்ப்பக்கத்தில் இல்லாமலில்லை. படம் பார்த்தால் போதும் என்று நம்மை நிறுத்துவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தாம் படிக்காவிட்டாலும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று முத்து விற்ற காசைக் கொடுத்த அக்கடற்கரை மக்களைப்போல, நம் பெற்றோரும் பலவற்றைத் துறந்து நம்மைப் படிக்க வைக்கின்றனர். அந்தக் காசுக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம்?

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். 27 வயதில் அ, ஆ எழுதத் தொடங்கியவர் 58 வயதில் தமிழை அச்சேற்றினார். முதல் வார்ப்பு சரியாக அமையாதபோது மறு வார்ப்புக்கும் காத்திருந்தார். நாமும் கையில் கிடைத்திருக்கும் எழுத்தின் அருமையை உணர்ந்து, தாய்மொழியைப் பிழையின்றி எழுதவும் பேசவும் கற்று, எழுத்தறியாத ஒருவருக்கேனும் எழுத்தறிவிப்போமாக! அதுவே அண்டிரிக் அடிகளாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் ஆகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, விளாங்குடி